பங்குனி எந்த வருஷம்?

கியோத்தோவிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஜப்பான் எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். சுத்தம், புல்லட் ரயில், கழிவறையில் இருக்கிற பொத்தான்கள் என்று மூன்றைச் சொன்னால் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். நான் புல்லட் ரயிலில் ஏறவே இல்லை. போனது மாநாட்டுக்கு. அங்கே நான் அடித்த கூத்தை வீட்டில் சொல்லிவிட்டேன், துறையில் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். எப்படியும் எங்கள் துறையில் யாரும் இதைப் படிப்பதில்லை.

உலகப் பொருளாதார வரலாற்று மாநாடு 1960இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. இப்போதெல்லாம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. இந்த 2015 ஆகஸ்ட் 3 முதல் 7 வரை நடந்தது பதினேழாவது. ஆசியாவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஐம்பத்தைந்து வருஷமாக ஐரோப்பா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று சுற்றிவிட்டு இப்போதுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிற எனக்கு, பாஸ்டன், பாரிஸ் எல்லாம் எட்டாது. கியோத்தோ என்றதும், பி.எஃப். லோன் போட்டால் போய்விடலாம் என்று தோன்றியது. போட்டேன்.

என் கட்டுரை ஒரே ஒரு செட்டியார் கடையைப் பற்றியது. கடை என்றால் மளிகைக் கடை இல்லை, பர்மாவில் நடந்த, வட்டிக்குப் பணம் கொடுக்கிற லேவாதேவிக் கடை. ஐராவதி டெல்டாவில் ஒரு சின்ன ஊர். ஊர் பெயரும் வேண்டாம், கடை விலாசமும் வேண்டாம். கணக்குப் புத்தகங்களைக் கொடுத்த ஆச்சி முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார். "எங்க ஐயா பேரு எங்கயும் வரப்படாது. வந்துச்சுன்னா பெட்டகத்தைப் பூட்டிருவேன்" என்றார். பேரேடுகள் ஆறு. துணி அட்டை, உள்ளே இராமபாணப் பூச்சி போட்ட ஓட்டைகள். நாலு வருஷமாகச் சனி ஞாயிறுகளில் அந்த வீட்டு வளவில் உட்கார்ந்து படம் எடுத்துப் படித்தவை.

அந்தக் கணக்கை முதலில் பார்க்கிறவர்களுக்குத் தமிழ் தெரிந்தாலும் ஒன்றும் விளங்காது. எண்கள் எல்லாம் க, உ, ங என்று தமிழ் எண்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. மேற்படிக்கு ௸. பற்றையும் வரவையும் பிரித்துப் படிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. எழுதின கணக்கப்பிள்ளைக்கு அவசரம் போலிருக்கிறது, சுழியை முழுசாகப் போடவே மாட்டார். கடையின் முகவர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார். அப்போது ஐந்தொகை எடுத்து, இன்னாரிடம் இவ்வளவு நிற்கிறது என்று அடுத்தவருக்கு ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுவார். அந்த ஐந்தொகைகள்தான் எனக்குப் புதையல்.

விஷயம் இதுதான். 1929-30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாக எழுதியது. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 பெரிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். நடுவே நடந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை குப்புற விழுந்தது, வாங்கின கடனைக் கட்ட முடியாமல் குடியானவன் நிலத்தை எழுதிக் கொடுத்தான். பர்மியப் பக்கத்தில் கேட்டால் "செட்டி நிலத்தைப் பிடுங்கினான்" என்பார்கள். காரைக்குடிப் பக்கத்தில் கேட்டால் "யாருக்கு வேணும் அந்த நெலம்? காசாத் தர முடியாம நெலத்தத் தலையில கட்டிட்டான்" என்பார்கள். இரண்டு பேரும் எண்பது வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கண்டுபிடித்ததாக நினைத்தது என்னவென்றால், இந்தக் கடைக்கு நிலம் வந்து குவிந்தது விலை விழுவதற்கு முன்னாலேயே. என் வரைபடத்தில் 1930 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒரு பெரிய மேடு. நெல் விலை சரிந்தது அந்த வருஷக் கடைசியில். ஆக, மந்தம் ஒரு சாக்குதான், நிலத்தின் மேல் கண் முன்பே விழுந்துவிட்டது. எவ்வளவு அழகான முடிவு பாருங்கள்! மாநாட்டுக்கு அனுப்பின சுருக்கம் ஒரே தடவையில் தேர்வானதும் அந்த மேட்டினால்தான். ஆச்சிக்கு இந்த முடிவைச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

கிளம்புவதற்கு முதல் ஞாயிறு சொல்லிக்கொள்ளப் போனேன். வளவுச் சுவரில் பதித்த மயில் ஓடுகளில் ஒன்று உடைந்து போயிருந்தது. "இது சப்பான் கல்லு. அங்கதான் போறியே, இதே மாதிரி ஒண்ணு கெடைக்குதா பாரு" என்றார். நான் அதையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

கோலாலம்பூர் வழியாக ஒசாகா. கடலுக்குள் மண் கொட்டி உண்டாக்கின தீவில் விமான நிலையம். அங்கிருந்து ஒண்ணேகால் மணி நேரம் ரயில். ஆகஸ்ட் மாதத்துக் கியோத்தோவைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. குளிருக்கென்று ஸ்வெட்டர் கொண்டு போயிருந்தேன். இறங்கினால் நம் மே மாதத்தோடு சென்னைப் புழுக்கத்தையும் சேர்த்து அவித்த மாதிரி இருந்தது. மரத்துக்கு மரம் சிள்வண்டு காதைக் கிழிக்கிறது.

மாநாட்டு மண்டபம் சுரங்க ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இருக்கிறது. 1966இல் திறந்த கட்டடம். 1997இல் பருவநிலை மாற்றம் பற்றிய கியோத்தோ ஒப்பந்தம் முடிவானது இங்கேதான். சுவர் எதுவும் நேராக நிற்பதில்லை, எல்லாம் சாய்ந்த காங்கிரீட். பின்னால் ஒரு குளமும் மலையும். உள்ளே நடந்தால் விண்கலத்துக்குள் தொலைந்த மாதிரி இருக்கும். முதல் நாள் காலையில் ஜவுளி பற்றிய அமர்வைத் தேடிப் போய், மத்தியகால இத்தாலிய வங்கிகள் பற்றிய அமர்வில் உட்கார்ந்து, எழுந்து போனால் மரியாதையாக இருக்காதே என்று முழுசாகக் கேட்டுவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும் என்று என் தங்கை சொன்னாள். சைவம் என்றால் கஷ்டம், சூப்பு முதல் எல்லாவற்றிலும் மீன் தூள். முக்கு முக்குக்கு இருக்கிற கடைகளில் உமே என்கிற, உப்பில் ஊறின புளிப்புப் பழத்தை நடுவில் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். கொண்டு போன இட்லிப் பொடியைத் தூவி அதைத்தான் ஐந்து நாளும் தின்றேன். பத்தி முடிந்தது.

இரண்டாம் நாள் கூலி பற்றிய ஓர் அமர்வு. எங்கள் துறையில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளியின் கூலி இங்கிலாந்து நெசவாளியின் கூலிக்குக் குறைந்ததா, சமமா? வெள்ளி எடைக்கு மாற்றிப் பார்த்தால் நம் ஆள் பாவம். அந்தக் காசுக்கு எவ்வளவு தானியம் கிடைத்தது என்று பார்த்தால், இங்கே அரிசி மலிவு, நம் ஆள் ஒன்றும் மோசமில்லை என்று பிரசன்னன் பார்த்தசாரதி 1998இல் எழுதினார். அப்படி இல்லை, தானியக் கணக்கில் பார்த்தாலும் இடைவெளி இருந்தது என்று பிராட்பெரியும் பிஷ்ணுபிரியா குப்தாவும் 2006இல் மறுத்தார்கள். சண்டையின் பாதி அளவைகளில் வந்து நிற்கிறது. ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பது சரி. ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. அதைக் கிலோவாக மாற்றும்போது யார் எந்த ஊர் மரக்காலை எடுத்தார்கள்?

பின் வரிசையில் உட்கார்ந்து நான் சிரித்துக்கொண்டேன். பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள், பெரிய பெரிய புள்ளிவிவரங்கள், கடைசியில் ஒரு மரக்காலில் தடுக்கி விழுகிறார்கள் பார் என்று. நம் கணக்கை நம்மவர்தான் படிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். அந்த நோட்டு இப்போது பக்கத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் என் அமர்வு. அறையில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். எனக்குப் பதினைந்து நிமிடம். நாலு வருஷத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் திணிப்பது கல்யாணச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் அடைக்கிற வேலை. பேரேட்டின் ஒரு பக்கத்தைத் திரையில் போட்டு ௶, ௷ எல்லாம் விளக்கினேன். அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் வரைபடம். மேடு. முடிவு. கைதட்டல்.

கேள்வி நேரத்தில் ஒரு அமெரிக்கர் வட்டி விகிதம் பற்றிக் கேட்டார், சொன்னேன். அடுத்து ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு ஜப்பானியப் பெரியவர் கை தூக்கினார். எழுபது வயதிருக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களின் நிலப் பதிவேடுகளில் வேலை செய்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஜப்பானில் அப்படி ஒரு பரம்பரையே உண்டு. சோழர் கல்வெட்டுகளைக் கரைத்துக் குடித்த கராஷிமா, லால்குடி வட்டாரத்து நஞ்சை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று நூறு வருஷத்துக்குத் தேடின யானகிசாவா என்று. இவர் பெயரைப் போடவில்லை, அவருக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

மைக்கை வாங்காமலே கேட்டார். பேரேட்டுப் படத்துக்குத் திரும்பப் போகச் சொன்னார். "இந்த வரியில் பிரமோதூத வருஷம் பங்குனி மாதம் என்று இருக்கிறது. உங்கள் வரைபடத்தில் இது எங்கே இருக்கிறது?" பிரமோதூத, பங்குனி இரண்டையும் நம்மைப் போலவே சொன்னார்.

"மார்ச் 1930" என்றேன்.

"1931 இல்லையா?" என்றார். குத்திக் காட்டுகிற தொனி இல்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

எனக்கு முதலில் காதுதான் சூடானது. விஷயம் மூளைக்குப் போக இரண்டு விநாடி பிடித்தது.

பிரமோதூத வருஷம் பிறந்தது 1930 ஏப்ரலில், சித்திரை முதல் தேதி. அதன் கடைசி மாதம் பங்குனி. அப்படியென்றால் அது 1931 மார்ச்சிலிருந்து ஏப்ரல் வரை. நான் தேதி மாற்றுவதற்கு ஓர் அட்டவணை செய்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் பிரமோதூத என்றால் 1930, பிரஜோற்பத்தி என்றால் 1931. இன்னொரு பக்கம் தை என்றால் ஜனவரி, பங்குனி என்றால் மார்ச். இரண்டும் தனித்தனியாகச் சரி. எக்ஸெலில் இரண்டையும் ஒட்டினேன். ஒட்டக் கூடாது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். மார்கழிகூடப் பதினேழு பதினெட்டுத் தேதியைத் தாண்டினால் அப்படித்தான். பதிவுகளை ஏற்றினது என் மாணவி, ஆனால் அட்டவணை என்னுடையது. நூறு வரிகளை எடுத்துப் பேரேட்டோடு ஒப்பிட்டும் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது. ஒட்டு இருந்த இடத்தைத்தான் பார்க்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், தப்பு எந்த மாதங்களில் விழுந்ததோ அவைதான் முக்கியமான மாதங்கள். டெல்டாவில் மழைக் காலத்தில் நடவுக்குக் கடன் வாங்குவான். தையில் அறுத்து, மாசி பங்குனிக்குள் நெல்லை விற்றுக் கட்டுவான். கட்ட முடியாவிட்டால் அப்போதுதான் நிலம் கைமாறும். என் மேடு முழுக்க அந்த மூன்று மாதம். அதைத்தான் நான் ஒரு வருஷம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

"நீங்கள் சொல்வது சரி. என் வரைபடம் தப்பு" என்றேன். வேறு என்ன சொல்வது? அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அமர்வுத் தலைவர் நேரம் ஆகிவிட்டது என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்தவர் மணிலா புகையிலையைப் பற்றிப் பேசினார் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை நினைவில்லை. வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குப் போகிறவள் நான். அது முடிந்துதான் வருஷம் பிறக்கும் என்பது எனக்குத் தெரியாதா? உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, எக்ஸெலுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் குளத்தோரம் போய்ச் சோற்று உருண்டையோடு உட்கார்ந்திருந்தேன். பெரியவர் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கிறார்! நான்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றேன். தனக்கு இது கண்ணில் படக் காரணம் தமிழ் இல்லை, ஜப்பான்தான் என்றார். அவர்களுக்கும் பழைய நாட்காட்டி உண்டு. அதன் பன்னிரண்டாம் மாதம் ஆங்கிலக் கணக்கில் பெரும்பாலும் அடுத்த வருஷத்துக்குள் போய்விடும். வரலாறு படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் வருஷமே இதைத் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுப்பார்களாம்.

அப்புறம் ஒரு கதை சொன்னார். மெய்ஜி என்கிற அவர்களுடைய சகாப்தத்தின் 5ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம் இரண்டாம் தேதி. மறுநாள் விடிந்தால் மெய்ஜி 6, ஜனவரி 1. அதாவது 1873 ஜனவரி 1. ஒரே இரவில் நாடே ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறியது. அறிவிப்பு வந்தது அதற்குச் சில வாரம் முன்னால்தான். நாகரிகம், முன்னேற்றம் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் கஜானாவில் காசில்லை, அரசு ஊழியர்களுக்கு மாதச் சம்பளம். பழைய கணக்குப்படி அடுத்த வருஷத்தில் ஓர் அதிக மாதம் வேறு வர இருந்தது, பதிமூன்று சம்பளம் கொடுக்க வேண்டும். நாட்காட்டியை மாற்றியதில் அந்தப் பதிமூன்றாம் சம்பளம் மிச்சம். இரண்டே நாளில் முடிந்துபோன பன்னிரண்டாம் மாதத்துக்கும் சம்பளம் கிடையாது. "தேதி என்பதே பொருளாதார வரலாறுதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் அன்றைக்கு முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. மயில் ஓட்டின் படத்தைக் காட்டினேன். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கென்றே இப்படிச் செய்து அனுப்பினார்கள், சாமி படம் போட்டதுகூட உண்டு, இப்போது இதெல்லாம் அருங்காட்சியகத்தில்தான் இருக்கும் என்றார்.

அன்று இரவு அறையில் உட்கார்ந்து எல்லாத் தேதியையும் மாற்றினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான், மடிக்கணினியைத் தலையணை மேல் வைத்துக்கொண்டேன். மேடு அப்படியே தூக்கிப் பன்னிரண்டு மாதம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. 1931 தை முதல் பங்குனி வரை. விலை விழுந்த பிறகு. 1930 டிசம்பர் 22இல் பர்மாவின் தாராவதியில் சாயா சான் தலைமையில் குடியானவர்கள் கலகம் வெடித்த பிறகு. என் அழகான முடிவு போயே போய்விட்டது. ஊரில் கேட்டால் சொல்கிற பழைய கதைதான் மிச்சம்: விலை விழுந்தது, கட்ட முடியவில்லை, நிலம் வந்தது. நாலு வருஷம் உழைத்து, லோன் போட்டு, கடல் தாண்டிப் போய் இதையா கண்டுபிடித்தேன் என்று இருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கல்யாணத் தேதியாவது சரியா ஞாபகம் இருக்கா?" என்றார்.

ஆனால் இரண்டு பதிவுகள் மட்டும் நகரவில்லை. பிரமோதூத ஆவணியில் இரண்டு நிலங்கள் கடை பேருக்கு வந்திருக்கின்றன. ஆவணிக்குத் தேதிச் சிக்கல் இல்லை, 1930 ஆகஸ்ட், செப்டம்பர்தான். முன்பு அவை மேட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் இருந்தன. இப்போது மேட்டுக்கு முன்னால் தனியாக நிற்கின்றன. ஒருவேளை என் வாதத்தில் ஒரு துளியாவது உண்மை இருக்கிறதோ என்று அந்த இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

போன ஞாயிறு ஆச்சியைப் பார்க்கப் போனேன். மயில் ஓடு கிடைக்கவில்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கொண்டு போன சப்பான் விசிறியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், பிரித்துப் பார்க்கவில்லை. தேதித் தப்பைச் சொன்னேன். "பங்குனி போய்த்தானே சித்திரை வருது" என்றார், அவ்வளவுதான். பிறகு தயங்கித் தயங்கி ஆவணிப் பதிவுகளைப் பற்றிச் சொன்னேன். விலை விழுவதற்கு முன்னாலேயே கடனுக்காக நிலத்தை எழுதி வாங்கியிருக்கிறார்களோ என்று இழுத்தேன்.

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆவணியில வயல்ல நாத்து நிக்கும். அப்பப் போயி எவனாவது கடனுக்கு நெலத்தைப் பிடிப்பானா? அறுத்தாத்தானே காசு வரும். குடுத்தவனும் தை வரைக்கும் பொறுப்பான், வாங்கினவனும் அது வரைக்கும் விட மாட்டான். ஆவணியில வந்துச்சுன்னா அது வெலைக்கி வாங்கினதா இருக்கும். பேரேட்டப் பாத்தா தெரியாது. சிட்டையப் பாரு."

சிட்டை என்றால் அன்றாட வரவு செலவை அவ்வப்போது எழுதி வைக்கிற குறிப்பேடு. சிட்டைகள் இருப்பதை நாலு வருஷமாக அவர் சொன்னதே இல்லை. கேட்டேன்.

"நீ கேக்கலையே" என்றார். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், பித்தளைச் சாமான்களுக்கு அடியில், இன்னொரு பெட்டகத்தில் இருக்கிறதாம். சாவி மதுரையில் மகன் வீட்டில். ஆடி முடிந்து அவர் வரும்போது கொண்டு வருவார். முகக்கவசமும் பிரஷ்ஷும் வாங்கி வைத்திருக்கிறேன்.